பெட்டி பெரிதாக இருக்கட்டும்



"பிள்ளைக்குக் கணனி ஒன்று பொருத்தி எடுக்கப் போகிறோம். உள்ளே போடும் சாமான்களை மகனே தெரிவு செய்துவிட்டான். பெட்டியை மட்டும் சின்னதாக, வடிவாக எடுத்தால் போதும்தானே?" வீட்டுத் தாய்மாரின் வாயில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பதில் பிழையில்லை. மண்டபத்தின் மூலையில் தூசு பிடித்து நிற்கப்போகும் அந்த இரும்புப் பெட்டியைத் துடைக்கப்போவது நாம்தானே!

ஆனால் என் ராத்தாவின் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். அவர்கள் உக்குவளையில் இருக்கிறார்கள். மகள் வீட்டிலிருந்தே கல்யாண அழைப்பிதழ்களும், பாடசாலை வினாத்தாள்களும் தட்டச்சுச் செய்து கொடுப்பவள். அந்த வருமானத்தில்தான் அவளுடைய வெளிவாரிப் பட்டப் படிப்பும் நடந்தது. கணனி பொருத்தும்போது கொஞ்சம் பெரிய பெட்டியாகத்தான் அவள் கேட்டிருக்கிறாள். "மேசைத் தட்டுக்குள் அடங்காது" என்று ராத்தா மறுத்துவிட்டார். ஒடுக்கமான, முன்பக்கம் முழுவதும் கண்ணாடி போட்ட பெட்டி ஒன்று வந்தது. பார்க்க அழகுதான்.

ஏப்ரல் வெயில் வந்ததும் பிற்பகலில் கணனி தானாக நின்றுபோகத் தொடங்கியது. பாதி முடித்த வேலை போய்விடும். பழுது பார்த்தவர் மதர்போர்ட் போய்விட்டது, புதிதாகப் போட வேண்டும் என்றார். ராத்தா வளையலைக் கழற்றத் தயாராகிவிட்டார். நல்லவேளையாக, விஷயம் தெரிந்த உறவுக்காரத் தம்பி ஒருவர் வந்து பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே ஃபேனின் மேல் கம்பளி விரித்தது போல் தூசு! முற்றத்தில் மிளகு காயப்போட்டுச் சுளகில் புடைக்கும் வீடு அது. காற்று வர வழியில்லாத பெட்டி, வந்த கொஞ்சக் காற்றோடு வந்த தூசியும் உள்ளேயே தங்கிவிட்டது. பிராசசர் அளவுக்கு மீறிச் சூடாகி, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்றிருக்கிறது. அதே சாமான்களைத் துடைத்து, விசாலமான ஒரு பெட்டிக்கு மாற்றினார்கள். மதர்போர்ட்டுக்கு ஒரு குறையும் இல்லை.

ஜன்னல் இல்லாத குசினியில் மூன்று அடுப்பை மூட்டினால் நமக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும். முன்பக்கத்தால் குளிர்ந்த காற்று நுழைந்து, பின்பக்கத்தாலும் மேலாலும் சூடு வெளியேற வேண்டும். இடம் இருந்தால் 120 அல்லது 140 மில்லிமீற்றர் ஃபேன்கள் இரண்டு மூன்று பூட்டலாம். பெரிய ஃபேன் மெதுவாகச் சுழன்றே போதிய காற்றைத் தள்ளும். அதனால் இரைச்சலும் குறைவு. இரவில் பிள்ளை படிக்கும்போது பக்கத்தில் கைக்குழந்தை உறங்கும் வீடுகளில் இதன் அருமை விளங்கும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. முகப்பை மூடிக் கண்ணாடி போட்ட பெரிய பெட்டியும் அடைத்த அறைதான். முன்பக்கம் வலை போல் துளைகள் உள்ளதாக, கழற்றிக் கழுவக்கூடிய தூசு வடிகட்டி உள்ளதாகப் பாருங்கள். தம்புள்ளை, கலேவெலப் பக்கம் வறண்ட தூசு அதிகம். அங்கே மாதம் ஒருமுறையாவது அந்த வடிகட்டியைக் கழுவிக் காயவைத்துப் போடுவது நல்லது. இரத்தோட்டைப் பக்கத்து ஈரத்துக்கு வேறு கவனம் வேண்டும். பெட்டியைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் சிறு பலகையின் மேல் வையுங்கள், கறள் பிடிக்காது. பின்பக்கத்து ஒடுங்கிய துளைகளுக்குத் தகட்டு மூடிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று கடையிலேயே எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் பல்லி உள்ளே குடி வந்துவிடும். அது மின்சாரத்தில் பட்டுச் செத்தால் கணனியும் கூடவே போகலாம்.

அளவு விஷயம். மதர்போர்ட்டின் ஏடிஎக்ஸ் என்ற அளவை இன்டெல் நிறுவனம் 1995இல் வெளியிட்டது. 12 அங்குலத்துக்கு 9.6 அங்குலம். இன்றுவரை அந்த அளவு மாறவில்லை. ஆகவே அதைக் கொள்ளும் பெட்டியை இன்று வாங்கினால், உள்ளே இருப்பவை இரண்டு மூன்று முறை மாறினாலும் பெட்டி அப்படியே பாவிக்கலாம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாயை எட்டியது நமக்கெல்லாம் நினைவிருக்கும். அந்த நாட்களில் புதுக் கணனியை நினைத்துப் பார்க்க முடியாத குடும்பங்களில், பெட்டியில் இடம் இருந்தவர்கள் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றையோ மெமரியையோ சேர்த்துச் சமாளித்தார்கள். வீடியோ வேலை, வரைபட வேலை செய்யும் பிள்ளையானால் கிராஃபிக்ஸ் கார்டு எத்தனை அங்குலம் என்றும் கேளுங்கள். ஓர் அடிக்கும் மேல் நீளமானவை இப்போது உண்டு. மேசைத் தட்டையும் அளந்துகொண்டே கடைக்குப் போங்கள். பெட்டிக்குப் பின்னால் நான்கு விரல்கடை இடைவெளியாவது வேண்டும். அடங்காவிட்டால் மேசைக்குப் பக்கத்தில் வெளியே வைப்பதே மேல்.

கடிதம் அடிக்கவும் இணையம் பார்க்கவும் மட்டும் என்றால் இவ்வளவும் தேவையில்லை. சிறிய பெட்டியே போதும், வீண் செலவு வேண்டாம்.

இன்னும் ஒன்று. மலிவுப் பெட்டிகள் சிலவற்றோடு பவர் சப்ளையும் சேர்த்தே தருவார்கள். இலாபம் என்று மகிழாதீர்கள். நம்பிக்கையான பவர் சப்ளையைத் தனியாகவே வாங்குங்கள். பெட்டியைத் தொடும்போது விரலில் சுருக்கென்று பட்டால், எர்த் இல்லை என்று பொருள். மூன்று முனைப் பிளக்கை இரண்டு முனையாக்கிச் செருகியிருக்கலாம், அல்லது சுவரில் துளை இருந்தும் எர்த் வயர் இல்லாதிருக்கலாம். ஈரக் கையோடு வீடு துடைப்பவர் நீங்கள். "லேசாகத்தானே அடிக்கிறது" என்று விடாமல், மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி முழங்கத் தொடங்கும் முன்பே பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

கொழும்பு யுனிட்டி பிளாசாவுக்குப் போய்ப் பொருத்தி எடுத்துவருபவர்கள், பாரமான கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாகப் பொதி செய்து தரச் சொல்லுங்கள். பஸ் குலுக்கலில் அது பொருந்திய இடமே உடைந்துபோகலாம். பெட்டியை வாங்கிய அட்டைப் பெட்டிக்குள்ளேயே, ரெஜிஃபோமோடு வைத்துக் கொண்டுவாருங்கள். அந்த அட்டைப் பெட்டியை அடுப்பு மூட்டப் போட்டுவிடாமல் அலுமாரிக்கு மேல் வைத்திருங்கள். திருத்தக் கொண்டுபோகும் நாளில் தேடுவீர்கள்.