பெர்த் கொடுத்தீங்க, படுக்கை எங்கே?

ஊருக்குப் போகிற சீசன் வந்தால் டெல்லித் தமிழர்கள் எல்லாரும் கேட்கிற ஒரே கேள்வி, "கன்ஃபர்ம் ஆச்சா?" அறுபது நாளைக்கு முன்பே காலை எட்டு மணிக்கு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிடித்த டிக்கெட் ஆயிற்றே. ஆமாம் என்றால் கைகொடுத்து வாழ்த்துகிறார்கள். அந்த பெர்த்தில் ஒரு மனுஷன் படுக்கையை விரித்துப் படுக்க முடியுமா என்று இதுவரை ஒருத்தரும் கேட்டு நான் பார்க்கவில்லை.

முடியாதுங்க. சும்மா சொல்லவில்லை. இருபது வருஷமாகப் போய் வருகிறேன்.

புதுடெல்லியிலிருந்து சென்னைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சுமார் 2,180 கிலோமீட்டர், 33 மணி நேரம், இரண்டு இரவு. மூன்றாம் ஏசியில் ஒரு காகிதப் பையில் இரண்டு விரிப்பு தருவார்கள். கூடவே தலையணை, கம்பளி. இதை வைத்து ஆறு பேர், ஒரு ஆள் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டு, ஓடுகிற வண்டியில், ஆறு படுக்கை போட வேண்டும். நடு பெர்த்தைத் தூக்கிச் சங்கிலியில் மாட்டினால் கீழ் பெர்த்காரர் குனிந்துதான் விரிக்க முடியும். மேல் பெர்த்காரர் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறாரோ அதையே விரிக்க வேண்டும். தன் தோளில் தானே ஏறுகிற வித்தை மாதிரி!

விரித்து முடித்தால் நிற்குமா? பெர்த் மேல் இருப்பது வழுவழு ரெக்ஸின். விரிப்பு நாலு பக்கமும் சும்மா விட்ட துணி. செருகிவிடலாம் என்றால் மெத்தையைப் பலகையோடு சேர்த்து அடித்திருக்கிறார்கள், செருக இடம் கிடையாது. ஜான்சி வருவதற்குள் அந்த விரிப்பு முதுகுக்கு அடியில் கயிறாகத் திரிந்து கிடக்கும். கன்னம் ரெக்ஸினில், கால் கம்பளியில். அந்தக் கம்பளியை மாதம் ஒருமுறையாவது துவைக்கிறோம் என்று 2024 நவம்பரில் மக்களவையில் பதில் சொன்னார்கள். அப்போது எல்லாரும் சுத்தத்தைப் பற்றிக் கொதித்தார்கள், நியாயம்தான். ஆனால் கம்பளிக்கும் நமக்கும் நடுவே இருக்க வேண்டிய விரிப்பு ஏன் இடத்தில் நிற்பதில்லை என்று ஒரு குரல் வரவில்லை.

இளவட்டங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். நான் பேசுவது ஊரிலிருந்து பேரக்குழந்தையைப் பார்க்க வருகிற அப்பா அம்மாக்களுக்காக. 60 வயதான ஆண்களுக்கும் 45 தாண்டிய பெண்களுக்கும் கீழ் பெர்த், ஆனால் "இருந்தால்" மட்டும். இரண்டு பேரில் ஒருத்தருக்கு நடு பெர்த் விழுந்தால் கதை முடிந்தது. மூட்டு வலியோடு ஏணியில் ஒரு கால், எதிர் பெர்த்தில் ஒரு கால் வைத்து விரிப்பை இழுக்கிற மாமிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கீழ் பெர்த் கிடைத்தவர் மட்டும் என்ன வாழ்ந்தார்? இரவு 10 முதல் காலை 6 வரை நடு பெர்த் விரித்தே இருக்கலாம் என்பது 2017-ல் போட்ட விதி. நாலு மணிக்கே விழிக்கிற பெரியவர், தலை நிமிர முடியாமல் இரண்டு மணி நேரம் கூனிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ரயில்வேக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். ஆனால் அவர்கள் எண்ணுவது பெர்த்தை, தூக்கத்தை அல்ல. பழைய ஐசிஎஃப் மூன்றாம் ஏசி பெட்டியில் 64 பெர்த். எல்ஹெச்பி வந்ததும் 72. 2021-ல் வந்த எகானமி பெட்டியை 83 என்று பெருமையாக அறிவித்தார்கள். 2006-ல் கரீப் ரத் என்று விட்டபோது பக்கவாட்டில் இரண்டுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்றைச் செருகி, படுக்கைத் துணிக்கு 25 ரூபாய் தனியாகவும் வாங்கினார்கள். அந்த சைடு மிடிலை மற்ற ரயில்களிலும் போட்டுப் பார்த்து, ஜனங்கள் திட்டிய திட்டில் கழற்றினார்கள். (எங்கள் துறையிலும் இதே வியாதி உண்டு. எத்தனை கணக்கு திறந்தாய் என்று மேலே இருந்து தினம் கேட்பார்கள். அதில் எத்தனை பேர் பணம் போட்டு எடுக்கிறார்கள் என்று கேட்க ஆளில்லை.)

"ரெண்டு ராத்திரிதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." இந்த வசனத்தைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏசி டிக்கெட்டின் விலைக்குள் படுக்கையும் சேர்த்தி. காசு வாங்கிய பொருளைச் சரியாகக் கொடு என்று கேட்பதற்குப் பெயர் அடம் இல்லை. "ஃப்ளைட்ல போங்களேன்" என்கிறவர்களுக்கு, நாலு பேர் குடும்பத்துக்கு மே மாத ஃப்ளைட் டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள், அவ்வளவுதான்.

இதை மாற்றவே முடியாது என்பது சுத்தப் பொய். சைடு லோயர் ஞாபகம் இருக்கா? இரண்டு சீட்டின் முதுகைச் சாய்த்துச் சேர்த்தால் நடுவில் ஒரு பிளவு, சரியாக இடுப்புக்குக் கீழே. காலம் காலமாக அதில் படுத்து எழுந்தோம். 2020-ல் ஒரு முழுநீளப் பலகை மெத்தையை ஜன்னலோரம் வைத்து, இழுத்துப் போட்டால் பிளவு மறைகிற மாதிரிச் செய்து, அன்றைய அமைச்சர் பியூஷ் கோயல் காணொளியே போட்டார். அதில் என்ன ராக்கெட் விஞ்ஞானமா இருந்தது? ஒரு பலகை, கொஞ்சம் பஞ்சு. அதே புத்தியை விரிப்பிலும் காட்டட்டுமே. பெர்த்தின் சுவரோரம் ஒரு வெல்க்ரோ பட்டை, விரிப்பின் ஓரத்தில் ஒரு பட்டை. ஒட்டினால் நிற்கும், இழுத்தால் வரும். இல்லை, விரிப்பின் கால்பக்கத்தைப் பை மாதிரி தைத்தாவது கொடுக்கட்டும்.

அது வருகிற வரை நாம் சும்மா இருக்க வேண்டாம். பழைய எட்டு முழ வேட்டி ஒன்று எடுங்கள். நீளவாக்கில் சரிபாதியாக மடித்தால் ஆறடி வரும், பெர்த் நீளம். மடிப்பு கால்பக்கம் இருக்கட்டும். அங்கிருந்து இரண்டு ஓரத்தையும் ஒன்றரை அடிக்கு மட்டும் தையுங்கள். கீழ்த்துணி விரிப்பு, மேல்துணி போர்வை. காலை உள்ளே விட்டால் உங்கள் காலே அதைப் பிடித்துக்கொள்ளும், நழுவாது. அகலத்தில் மிஞ்சுவதைச் சுவர்ப்பக்கம் மடித்து உடம்புக்கு அடியில் விட்டுவிடுங்கள். இடுப்பு வரை தைத்துவிடாதீர்கள், ராத்திரி பாத்ரூம் போக எழும் பெரியவர்கள் தடுக்கி விழுவார்கள். சுருட்டினால் கைப்பையில் அடங்கும். ஸ்லீப்பரில் போகிறவர்களுக்கு இது இன்னும் உபயோகம், அந்த டிக்கெட்டில் படுக்கை கிடையாது.

நடு பெர்த்தை முதலில் தூக்கி மாட்டி, தரையில் நின்றபடியே விரித்துவிட்டு அப்புறம் ஏறுங்கள். மேல் பெர்த்காரர் சுருளோடு ஏறி, தலைமாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டு அப்படியே நீட்டிக்கொள்ளலாம். கீழ் பெர்த் கடைசி.

இன்னொன்று, நம்ம ஆம்பளைங்களுக்கு. பத்து மணியானதும் ஐயா போனை நோண்டிக்கொண்டு வழியில் நிற்பார். அம்மா ஒருத்தி நாலு படுக்கையும் போட்டு, பிள்ளைகளை ஏற்றி, கடைசியில் தனக்கு விரிக்கத் தெம்பில்லாமல் வெறும் ரெக்ஸினில் சரிவாள். ரயில்வேயைத் திட்ட நமக்கு என்ன யோக்கியதை? எங்கள் வீட்டில் பத்து வயசு தாண்டினால் அவரவர் படுக்கை அவரவர் போட வேண்டும். என் அப்பாவுக்கு மட்டும் விலக்கு, அவருக்கு 78. அவருடையதைப் போடுவது என் வேலை.