விளக்கு எரிந்த பிறகு மைக் யார் கையில்?

நாடகம் முடிந்ததும் "வாங்க, மனம்விட்டுப் பேசலாம்" என்று கலந்துரையாடல் வைப்பது வழக்கமாகிவிட்டது. பேசுவது நல்லதுதானே என்று தோன்றும். யார் பேசுகிறார்கள் என்று கவனித்தால்தான் சங்கதி புரியும்.

ஜெரமி ஓ. ஹாரிஸ் எழுதிய 'ஸ்லேவ் ப்ளே' 2018இல் நியூயார்க்கில் அரங்கேறி, அடுத்த ஆண்டு பிராட்வேக்கு வந்தது. இனம் கடந்து இணைந்த மூன்று ஜோடிகள், அடிமைக்காலப் பண்ணையின் எஜமான், அடிமை வேடங்களைப் போட்டு 'சிகிச்சை' எடுத்துக்கொள்வதைப் பகடி செய்யும் நாடகம். அதன் நடுப்பகுதி முழுக்கக் குழுவாக உட்கார்ந்து பேசுவதுதான். சிகிச்சையாளர்கள் பல்கலைக்கழகக் கலைச்சொற்களாக அடுக்குகிறார்கள். (சமூகவியல் படித்த நமக்கு அது கொஞ்சம் சுடத்தான் செய்யும்.) வெள்ளைத் துணைகள் தங்கள் மனக்காயத்தை நீட்டி முழக்குகிறார்கள். கறுப்பினத் துணைகள் தங்கள் வலியைச் சொல்ல வெகுநேரம் திணறுகிறார்கள்.

இப்படிப்பட்ட நாடகத்துக்குப் பிறகு நடந்த கலந்துரையாடலில் என்ன ஆனது? 2019 நவம்பரில் ஒரு வெள்ளைப் பெண், இது வெள்ளையருக்கு எதிரான இனவெறி என்று ஹாரிஸைப் பார்த்துக் கத்தினார். மேடையில் பகடி செய்யப்பட்டது அப்படியே பார்வையாளர் வரிசையில் நடந்தது. காணொளி உலகமெங்கும் சுற்றியது. அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் கத்தாமல், குரல் தழுதழுக்க, "நான் எப்படி மாறுவது, நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்கிற நல்லவரும் அதே நேரத்தைத்தான் தின்கிறார்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, செப்டம்பர் 18 அன்று, கோல்டன் தியேட்டரின் 804 இருக்கைகளுக்கும் கறுப்பினப் பார்வையாளர்களையே ஹாரிஸ் அழைத்தார். 'பிளாக் அவுட்' என்று அதற்குப் பெயர். பக்கத்து இருக்கைக்காரர் தன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கலாமா வேண்டாமா என்று முடிவுசெய்யும் தொல்லை இல்லாத ஓர் இரவு. 2024இல் லண்டனில் அப்படி இரண்டு இரவுகளை அறிவித்ததும், பிரதமர் ரிஷி சுனக்கின் அலுவலகம் அதைப் பிரிவினை என்று கண்டித்தது. யாரையும் வாசலில் தடுக்கமாட்டோம் என்று தயாரிப்பாளர்கள் விளக்கம் தர வேண்டியதாயிற்று. டிக்கெட் விலையே ஆளைத் தடுத்து, அரங்கம் முழுக்க வெள்ளையாக இருந்த இரவுகள் எத்தனை! அவற்றைப் பிரிவினை என்று எந்தப் பிரதமர் அலுவலகம் சொன்னது?

தோழர்களே, நம் கல்லூரி அரங்குகளில் சாதி பற்றிய நாடகம் முடிந்ததும் நடப்பதை நினைத்துப் பாருங்கள். முதலில் மைக்கை வாங்குபவர், "இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறா?" என்பார். அடுத்தவர் தன் குற்றவுணர்வைப் பத்து நிமிடம் சொல்வார், கைதட்டும் வாங்குவார். கடைசியில் மைக் சேரியிலிருந்து வந்த மாணவரிடம் போகும்: "தம்பி, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க."

என்ன அனுபவம்? அவர் நாடகம் பார்க்க வந்தவர். சாட்சிக்கூண்டில் ஏற வந்தவர் இல்லை. நடிப்பு எப்படி, வசனம் எப்படி, எந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை என்று சொல்ல அவருக்கும் வாய் உண்டு. இரண்டாம் பாதி இழுவை என்றுகூட அவருக்குப் பட்டிருக்கலாம். அதை அவரிடம் யாரும் கேட்பதே இல்லை.