பதினஞ்சு வயசு யாருக்கு இருக்கிறது?

தமிழில் இளையோர் இலக்கியம் இல்லை என்றொரு ஒப்பாரி கொஞ்ச காலமாகக் கேட்கிறது. குழந்தைகளுக்குப் படக்கதை இருக்கிறது, பெரியவர்களுக்கு நாவல் இருக்கிறது, நடுவில் பதிமூணு வயசிலிருந்து பதினெட்டு வரைக்கும் ஒண்ணுமே இல்லையாம். வெள்ளைக்காரன் 'யங் அடல்ட்' என்று இதற்குத் தனி அலமாரியே வைத்திருக்கிறானாம். நாமும் வைக்க வேண்டுமாம்.

வைக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் அந்த அலமாரியில் யாருடைய பதினஞ்சு வயசை அடுக்கப் போகிறீர்கள்?

இந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு ஒரு மாசம் முழுக்க, வேலை முடிந்த ராத்திரிகளில், இளம் வயசுக்காரர்களின் கதையைச் சொல்கிற நாவல்களாகவே படித்தேன். புதிதாகப் படித்ததும் உண்டு, திரும்ப எடுத்துப் படித்ததும் உண்டு. முடிவில் ஒண்ணு தெளிவாயிற்று. தமிழில் இளையோர் நாவல் இல்லை என்பது பச்சைப் பொய். சேரியிலிருந்தும் கரிசக்காட்டிலிருந்தும் ஆட்டுப்பட்டியிலிருந்தும் அது எப்போதோ வந்துவிட்டது. அதை அந்தப் பெயரில் கூப்பிடத்தான் இவர்களுக்கு வாய் வரவில்லை.

முதலில் வெள்ளைக்காரன் அலமாரியையே பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் நான்சி லாரிக் என்பவர் 1965இல் ஒரு கணக்கை வெளியிட்டார். முந்தைய மூன்று ஆண்டுகளில் வந்த 5,206 சிறுவர் நூல்களைப் பார்த்ததில், ஒரு கறுப்பு முகமாவது தட்டுப்பட்டது 349இல்தான். நூற்றுக்கு ஏழுகூட இல்லை. கதையின் ஒரு மூலையில் வந்து நின்றாலும் கணக்கில் சேர்த்துக்கொண்டே இந்த லட்சணம்! 1967இல் வந்த எஸ்.இ. ஹிண்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலைத்தான் இந்த வகைக்குத் தொடக்கம் என்று பலரும் சொல்கிறார்கள். ஏழைப் பையன்களின் கதைதான், மறுக்கவில்லை. ஆனால் வெள்ளை ஏழைகள்.

அங்கிருந்து அரை நூற்றாண்டு தாண்டி 2017இல் ஆஞ்சி தாமஸின் 'தி ஹேட் யு கிவ்' வந்தது. பதினாறு வயசு கறுப்புப் பெண் ஸ்டார். கூட வந்த சிநேகிதனைப் போலீஸ்காரன் சுட்டுக் கொல்வதைக் கண்ணால் பார்த்தவள். அவள் வாய் திறந்து சாட்சி சொல்வாளா மாட்டாளா என்பதுதான் கதை. பிள்ளைகள் விழுந்து விழுந்து படித்தார்கள். உடனே, பள்ளி நூலகத்திலிருந்து தூக்கு என்று பெரியவர்கள் கிளம்பினார்கள். அதிக எதிர்ப்புக்கு ஆளான புத்தகங்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் போடுகிற பட்டியலில் 2017, 2018 இரண்டு ஆண்டும் இது இருக்கிறது. சொன்ன காரணங்களில் கெட்ட வார்த்தையும் உண்டு, போலீசுக்கு விரோதமானது என்பதும் உண்டு. ஆக, அந்த அலமாரியும் சும்மா கிடைத்ததல்ல. கறுப்பர்கள் சண்டை போட்டு உள்ளே போனார்கள். போன பிறகும் காவல் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். நம்ம ஆட்கள் அலமாரியை மட்டும் பார்க்கிறார்கள், சண்டையைப் பார்ப்பதில்லை.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்தது. சிதம்பரத்துக்குப் பதினஞ்சு வயசு. அண்ணனைக் கொன்ற நிலக்காரனை வெட்டிவிட்டு அப்பனோடு காடு மேடெல்லாம் ஒளிந்து திரிகிறான். பசிக்கிறது, பயமாயிருக்கிறது, ஆத்தாளையும் தங்கச்சியையும் நினைக்கிறான். கையில் கொலை இருக்கிறது, மனசு இன்னும் பிள்ளை மனசு. இதைவிட ஒரு இளையோர் நாவல் எவன் எழுதிவிட முடியும்? ஆனால் இதைக் கரிசல் இலக்கியம் என்றார்கள், யதார்த்தவாதம் என்றார்கள், பதினஞ்சு வயசின் கதை என்று யாரும் பிள்ளைகள் கையில் கொடுக்கவில்லை. 2019இல் 'அசுரன்' என்று சினிமாவானபோது கதையின் பாரம் மகன் தோளிலிருந்து அப்பன் தோளுக்கு மாறிற்று. கதாநாயகன் அப்பனாகிவிட்டான். பையனின் பதினஞ்சு வயசு திரையிலும் பறிபோயிற்று.

பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' 2000இல் வந்தது. கவுண்டர் பண்ணையில் ஆடு மேய்க்க ஆண்டுக்கூலிக்கு விடப்பட்ட சக்கிலியப் பையன் கூளையன். பண்ணைக்காரர் மகன் செல்வனும் அவனும் ஒரே காட்டில் விளையாடுகிறார்கள். ஆனால் விளையாட்டிலும் ஒருத்தன் எசமான், ஒருத்தன் பண்ணையாள். எழுதியவர் தலித் இல்லையே என்று கேட்கிற தோழர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான், அதற்கான சண்டையை நாம் தொண்ணூறுகளிலேயே போட்டோம், இன்னும் போடுவோம். அதற்காகக் கூளையனைத் தெருவில் விட முடியாது. அவன் நம்ம பிள்ளை.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. தேங்காய் திருடினாய் என்று பள்ளிக்கூடத்தில் பழி சுமத்தி, சாதியைச் சொல்லித் தலைமையாசிரியர் திட்டுகிற அந்த இடத்தை எந்தப் பள்ளிப் பிள்ளை படித்தாலும் நெஞ்சில் இறங்கும். 1994இல் வந்த 'சங்கதி'யில் மாரியம்மா வருகிறாள். தப்பு செய்தவன் நிலக்காரன். ஊர்க்கூட்டம் போட்டு அவளுக்கு 200 ரூபாய் தண்டம், அவளோடு சேர்த்துக் கதை கட்டப்பட்ட மாணிக்கத்துக்கு 100 ரூபாய். தண்டம் போட்டது யார்? நம்ம ஆம்பளைகள். வெளியே நிலக்காரன், உள்ளே நாட்டாமை, நடுவில் ஒரு சின்னப் பொண்ணு. இயக்கத்துப் பையன்கள் முதலில் படிக்க வேண்டிய பக்கம் இதுதான்.

2024இல் நம்மை விட்டுப் போன ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' 2002இல் வந்தது. ஒரு தலித் கிறித்தவப் பையன் வளர்கிற கதை. பள்ளிக்கூடம், சாமியார்கள், அப்பாவிடம் பயம், சேட்டை. அழுது வடியாமல் தன்னையே கிண்டல் பண்ணிக்கொண்டு எழுதியிருக்கிறார். நம்ம பிள்ளைப்பிராயத்துக்குச் சிரிப்பும் உண்டு என்று காட்டிய புத்தகம்.

இதெல்லாம் ஏன் அந்த அலமாரிக்குள் வரவில்லை? விடலைப் பருவம் என்று இவர்கள் சொல்வது, யாரோ சோறு போட, யாரோ ஃபீஸ் கட்ட, 'நான் யார்' என்று தேடிக்கொண்டு திரியக் கிடைக்கிற ஓய்வு. நம்ம பிள்ளைக்கு அந்தச் சிரமத்தை ஊர் வைப்பதில்லை. நீ யாருன்னு தெருமுனையிலேயே சொல்லிவிடுகிறது. அவன் கேட்கிற கேள்வி வேறு: 'நான் இவன்தான்னு நீ யாருடா சொல்றது?' இந்தக் கேள்வி உள்ள நாவலைத் தனியாக எடுத்து 'தலித் இலக்கியம்' என்று சீட்டு ஒட்டி, பெரியவர்கள் அனுதாபப்பட ஒதுக்கி வைத்துவிட்டார்கள். ஊர் வேறு, சேரி வேறு. அலமாரியிலும் அதே கதைதான்.

வன்முறை இருக்கிறதே, கெட்ட வார்த்தை இருக்கிறதே, பிஞ்சு மனசு கெட்டுப்போகாதா என்பார்கள். யாருடைய பிஞ்சு மனசு? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது என்ன? சகமாணவர்கள் படுத்திய பாடு தாங்காமல் ஒரு தலித் மாணவன் பள்ளிக்குப் போகாமல் நின்றான். விசயம் பள்ளிக்குத் தெரிந்தது. அன்று ராத்திரியே கூடப் படித்த பையன்கள் வீடு புகுந்து அவனை வெட்டினார்கள், தடுத்த தங்கச்சியையும் வெட்டினார்கள். எந்த நாவலைப் படித்து அந்தப் பையன்கள் அரிவாள் எடுத்தார்கள்? எதையும் படிக்காததால்தான் எடுத்தார்கள் என்று சொன்னால் அதுவும் முழு உண்மையாகாது. வீடும் தெருவும் சாதிச் சங்கமும் கொடுத்த பாடத்தை அவர்கள் ஒழுங்காகப் படித்திருந்தார்கள். எதிர்ப்பாடம் மட்டும் வகுப்பில் இல்லை. வெட்டுப்பட்ட அந்தப் பிள்ளை மறு ஆண்டு பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண்ணோடு தேறினான். சம்பவத்தை ஒட்டி அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டுகிற சாதிக்கயிறு வேண்டாம், பள்ளிப் பெயரில் சாதி வேண்டாம் என்றது. சரிதான். கயிற்றை அறுத்த கையில் என்ன கொடுக்கப் போகிறோம்?

பாடத்திட்டத்தில் வைத்தால் போதும் என்று நம்பவும் வழியில்லை. டெல்லிப் பல்கலைக்கழகம் 2021இல் ஆங்கில ஆனர்ஸ் பாடத்திலிருந்து பாமாவின் 'சங்கதி'யையும் சுகிர்தராணியின் கவிதைகளையும் தூக்கியது. மகாசுவேதா தேவியின் 'திரௌபதி'யும் கூடவே போயிற்று. கல்லூரிப் பிள்ளைக்கே இந்தக் கதியென்றால் பள்ளிப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?

நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும், தோழர்களே. நாம் மட்டும் என்ன செய்தோம்? இந்த நாவல்களைக் கருத்தரங்குக்கும் எம்.ஃபில். ஆய்வேட்டுக்கும் கொடுத்துவிட்டு, பயிற்சி முகாமுக்கு வருகிற பதினாறு வயசுப் பிள்ளைக்குத் துண்டறிக்கையை நீட்டுகிறோம். துண்டறிக்கை கோபத்தைச் சொல்லிக்கொடுக்கும். கோபத்தோடு கூடவே பசியும் வெட்கமும் காதலும் ஒரு உடம்பில் எப்படிக் குடியிருக்கிறது என்பதை நாவல்தான் சொல்லும். அது தெரியாத பிள்ளையைத் தலைவன் எவனும் சுலபமாகக் கூட்டிப்போய்விடுவான்.

ஆகவே செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு ஆதிதிராவிடர் நல விடுதியிலும் இந்தப் புத்தகங்கள் இருக்கின்றனவா என்று மாணவத் தோழர்கள் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் அதிகாரியிடம் எழுதிக் கேளுங்கள், தராவிட்டால் நாமே வசூல் செய்து வாங்கி வைப்போம். இரவுப் பள்ளியில் வாரம் ஒரு நாள் பிள்ளைகளையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அதோடு நிற்கக் கூடாது. ஊர்த்தெருப் பிள்ளைகள் படிக்கிற பள்ளி நூலகத்திலும் இவை இருந்தே ஆக வேண்டும் என்று கேளுங்கள். கூளையனைப் படிக்க வேண்டிய அவசியம் கூளையனைவிடச் செல்வனுக்குத்தான் அதிகம்.

இளையோர் இலக்கிய அலமாரி வரட்டும். அதன் முதல் தட்டில் சிதம்பரமும் கூளையனும் மாரியம்மாவும் இருக்கட்டும். அதற்கு இடமில்லை என்றால் அந்த அலமாரியும் இன்னொரு அக்கிரகாரம்தான்.