அழிறப்பரைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

கிரேட் 10 கணக்குச் சோதனையில் சரியான விடையை நானே அழித்தேன். எக்ஸ்² + வை² = 25 என்ற வட்டமும் எக்ஸ் + வை = 8 என்ற கோடும் எங்கே வெட்டும் என்பது கேள்வி. வை = 8 − எக்ஸ் என்று எடுத்து வட்டத்தின் சமன்பாட்டில் போட்டேன். 2எக்ஸ்² − 16எக்ஸ் + 39 = 0 வந்தது. சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்குள் 256 − 312, அதாவது −56. எங்கோ பிழைவிட்டேன் என்று பயந்து அழித்தேன். திரும்பச் செய்தாலும் அதே −56. நேரம் முடிந்துவிட்டது.

அன்றிரவு ஸ்காபரோ வீட்டில் அப்பாவிடம் புலம்பினேன். யாழ்ப்பாணத்தில் தமிழில் கணிதம் படித்தவர் அவர். நான் 'ரேடியஸ்', 'டான்ஜன்ட்' என்று தொடங்கினால் ஒதுங்கிவிடுவார். அன்று ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் படம் கீறினார்.

"கோடு வட்டத்தில முட்டவே இல்லையே, பிள்ளை. பிறகெப்பிடி புள்ளி வரும்?"

நடுப்புள்ளியிலிருந்து அந்தக் கோட்டுக்கு மிகக் குறுகிய தூரம் ஏறக்குறைய 5.66. ஆரையோ 5 தான். ஆகவே −56 பிழையல்ல, அதுதான் பதில்: இரண்டும் சந்திக்காது. 8ஐ 7 ஆக்கிப் பாருங்கள். (3, 4), (4, 3) என்று இரண்டு புள்ளிகள் கிடைக்கும். வர்க்கமூலத்துக்குள் பூச்சியம் வந்தால் கோடு ஒரே புள்ளியில் தொட்டுக்கொண்டு போகும். அதற்கு அப்பாவின் சொல் 'தொடலி', தமிழ்நாட்டில் 'தொடுகோடு'.

'டான்ஜன்ட்' என்ற சொல்லை நான் பாடமாக்கி வைத்திருந்தேன், அவ்வளவுதான். அதுவும் 'தொடுதல்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம்! வட்டத்துக்குள் அகப்படும் கோட்டுத்துண்டு 'நாண்', வில்லின் நாண். தமிழ்ச் சொல்லைக் கேட்டவுடனேயே படம் தெரிகிறது.

சோதனை ஆங்கிலத்தில்தானே, தமிழ்ச் சொல் எதற்கு என்று கேட்பீர்கள். விடையை ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். ஆனால் ரியூஷனுக்குக் காசு கட்டுவதற்கு முன் வீட்டில் ஒருமுறை கேளுங்கள். எங்கள் அப்பா அம்மாக்களில் பலருக்கு மறந்தது கணக்கு இல்லை. அதன் ஆங்கிலப் பெயர்கள்தான் தெரியாது. அதை நாங்கள் கேட்காததால், தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அவர்களே நம்பத் தொடங்கிவிடுகிறார்கள்.

இப்போது தங்கை கணக்குக் கொப்பியைத் திறந்தால், பேனையோடு முதலில் வந்து உட்காருகிறவர் அப்பாதான். சில நாள் அவள் கூப்பிடாமலேயே.