ஆயாவுக்குப் பேர் இல்லையா?

ஓவிய மாணவர்கள் கண்காட்சி எதுக்குப் போனாலும் ஒரு கிழவி படம் கட்டாயம் இருக்கும். முகம் பூரா சுருக்கம், மூக்குத்தி, வெற்றிலைக் கறை, பின்னாடி ஒரே இருட்டு. ஆயில்ல பளபளன்னு தீட்டியிருப்பாங்க. கீழே அட்டையில் "மலைவாழ் மூதாட்டி" என்று எழுதியிருக்கும். வரைந்தவர் பேர், படிக்கிற வருஷம், கேன்வாஸ் அளவு, விலை எல்லாம் இருக்கும். படத்தில் இருக்கிறவர் பேர் மட்டும் இருக்காது.

நான் கள்ளக்குறிச்சிக்காரன். எங்க பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். மேற்கே திரும்பினால் தெரிகிற கல்வராயன் மலையிலிருந்து இப்படி 'எடுத்து' வரப்பட்ட ஆயாக்கள் உண்டு. கச்சிராயபாளையம் வழியா வெள்ளிமலைக்கு பஸ் ஏற வேண்டியது, நல்ல சுருக்கமா ஒரு முகம் தேட வேண்டியது, போனில் நாலு க்ளிக், சாயங்காலம் கீழே இறங்கிட வேண்டியது. அப்புறம் ஹாஸ்டல் ரூமில் கட்டம் போட்டு, கேன்வாஸில் ஏத்தி, மூணு வாரம் சுருக்கம் சுருக்கமா தீட்ட வேண்டியது. இதுக்குப் பேர் போர்ட்ரெய்ட்டாம்!

இல்லை நண்பர்களே. இது போர்ட்ரெய்ட் இல்லை, வேட்டை. வேட்டைக்காரன் மான் தலையைச் சுவரில் மாட்டும்போது மானோட பேரை எழுத மாட்டான்.

முதலில் தொழில் விஷயத்தைப் பேசுவோம். ஆயில் பெயின்ட் தண்ணி மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. அதில் இருக்கிற ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து மெதுவா இறுகுகிறது. அதனாலதான் அடியில் எண்ணெய் கம்மியான பூச்சு, மேலே போகப் போக எண்ணெய் அதிகமான பூச்சு என்பது முதல் பாடம். மாத்திச் செய்தால் பின்னாடி வெடிப்பு விடும். ஒரு பூச்சு காய நாள் கணக்கில் ஆகும். அதாவது இந்த மீடியமே உங்களைப் பார்த்து "அடுத்த வாரம் மறுபடியும் அவர் முன்னாடி போய் உட்கார்" என்று சொல்லுது. நீங்க போனை வெச்சுக்கிட்டு அவர் இல்லாமலேயே முடிச்சுடறீங்க.

அந்த போன் சொல்றதாவது உண்மையா? கலர் ஃபிலிம் காலத்தில் கோடாக் கம்பெனி லேப்களுக்கு அனுப்பிய சோதனை அட்டையில் இருந்தது வெள்ளைக்காரப் பெண். 'ஷெர்லி அட்டை' என்றே அதுக்குப் பேர். அவள் தோலுக்குச் சரியா இருந்தால் எல்லாருக்கும் சரி! இன்றைக்கு போன் கேமராக்கள் எவ்வளவோ தேறிவிட்டன, ஒத்துக்கறேன். ஆனாலும் கூரை நிழலில் இருக்கிற கறுத்த முகத்தை எடுத்தால், ஒண்ணு நிழல் மொத்தமா கறுப்பாகிடும், இல்லேன்னா போனே வெளிச்சம் ஏத்தி மாவு பூசிடும்.

நேரில் உட்கார்ந்து பாருங்க. கறுத்த தோலின் மேல் விழும் வானத்து வெளிச்சம் நீலமா இருக்கும். கன்னத்து நிழலுக்குள்ளே செம்மண் தரையின் சிவப்பு ஏறியிருக்கும். பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைனும் கலந்து தேடினால் கிடைக்கிற நிழல், ட்யூபிலிருந்து பிதுக்கின கறுப்பில் ஜென்மத்துக்கும் கிடைக்காது. நம்ம நிறத்தையே நமக்கு வரையத் தெரியலைன்னா அஞ்சு வருஷம் என்னத்தைப் படிச்சோம்?

இப்போ பேர் விஷயம். இந்த வியாதி புதுசு இல்லை. ரவிவர்மா 1893-இல் வரைந்த 'அதோ வருகிறார் அப்பா' படத்தில் குழந்தையோடு நிற்பது அவர் மகள் மகாபிரபா. இது எல்லாருக்கும் தெரியும். அதே வருஷம் சிகாகோ கண்காட்சிக்குப் போன அவர் படங்களில் ஒரு ஏழை நாடோடிக் குடும்பமும் உண்டு. அதன் தலைப்பு 'ஜிப்சிகள்'. அவ்வளவுதான். மகள்னா பேர், ஏழைன்னா இனம்.

வெள்ளைக்காரன் இதை விஞ்ஞானமாவே செஞ்சான். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளரா இருந்த எட்கர் தர்ஸ்டன், நம்ம ஜனங்களோட மூக்கையும் மண்டையையும் கருவி வெச்சு அளந்தார். 1909-இல் வந்த அவருடைய ஏழு தொகுதிகளில் ஆட்கள் சாதி வாரியா, பழங்குடி வாரியா அடுக்கப்பட்டார்கள். எழும்பூரில் இருக்கிற அந்த மியூசியத்துக்கும் 1850-இல் தொடங்கிய நம்ம சென்னை ஓவியக் கல்லூரிக்கும் ரொம்ப தூரம் இல்லை. 'மலைவாழ் மூதாட்டி' என்கிற அட்டை இந்த மியூசிய வாசனையோடதான் வருது.

"அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான்" என்று யாராவது சொன்னால், வெலாஸ்குவெஸைக் காட்டுங்க. 1650-இல் ரோம் நகரில் அவர் வரைந்த ஹுவான் தெ பரேஹா அவருடைய அடிமை. ஆனால் படத்தில் நிமிர்ந்து நேரா நம்மைப் பார்க்கிறார், பேரோட இருக்கிறார். அதே வருஷம் விடுதலைப் பத்திரமும் எழுதப்பட்டது. பிற்பாடு அவரே ஓவியர் ஆனார். முன்னூற்று எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரு அடிமைக்குக் கிடைச்ச மரியாதை நம்ம ஆயாவுக்கு இன்னும் கிடைக்கலை.

எங்க மலையில் இது இன்னும் உறுத்தும். கல்வராயன் மலையில் வாழும் பழங்குடியினருக்கு 'மலையாளி' என்று பேர். கேரளாவுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களே சொல்லும் வரலாறு. 1976 வரைக்கும் இந்த மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. ஜனங்க அவங்களுக்குக் கூலியில்லாம உழைச்சாங்க. இன்றைக்கு எழுபது வயசைத் தாண்டின ஆயா அப்போ வயசுப் பொண்ணு. நீங்க தேடிப் போன சுருக்கத்தில் அந்தக் கூலியில்லா வேலையும் இருக்கு. இப்போ நீங்களும் போய் அவரைச் சும்மா உட்கார வெச்சுட்டு வர்றீங்க. ஜாகீர் ஒழிஞ்சுதா இல்லையா?

2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடிச்சு அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதிலிருந்து எங்க ஊர் பேரைச் சொன்னாலே சாராயமான்னு கேக்கறாங்க. மெத்தனால் ஒண்ணும் மலையில் விளைகிற பொருள் இல்லை. ஆனாலும் பேச்சு மலை மேலேதான் போகுது. ஆக வெளியூர்க்காரர்களுக்கு கல்வராயன் மலைன்னா ரெண்டே படம்: ஒண்ணு சாராய ஊறல், இன்னொண்ணு சுருக்கம் விழுந்த கிழவி. ரெண்டிலும் யாருக்கும் பேர் கிடையாது.

"மாடலுக்குக் கொடுக்க எங்ககிட்ட காசு ஏது?" என்பீர்கள். பெல்ஜியம் லினன் வேணும், இறக்குமதி ட்யூப் வேணும்னு செலவு பண்ணத் தெரியுது. ஒரு ட்யூபைக் குறைங்க, ஒரு நாள் கூலி வந்துடும். "ஆயா சிரிச்சுக்கிட்டேதான் போஸ் கொடுத்தாங்க" என்பீர்கள். வீட்டுக்கு வந்த பிள்ளைங்களைப் பார்த்து சிரிச்சது மரியாதை. அது விலைக்கு விற்கிற அனுமதி இல்லை. "அவ்வளவு நேரம் ஏது?" என்றால், ஈரத்தின் மேலேயே ஈரம் வைத்து ஒரே அமர்வில் முடிக்கும் முறையும் ஆயிலில் இருக்கு. ரெண்டு மணி நேரம் போதும். படம் சுமாரா வரும். வரட்டுமே! பளபளன்னு ஒரு திருட்டைவிட சுமாரா ஒரு சந்திப்பு மேல்.

போட்டோவே கூடாதுன்னு சொல்லலை. செத்துப்போன அப்பா படத்தைக் கொடுத்து வரையச் சொல்லும் குடும்பத்துக்கு போட்டோதான் கதி. அங்கேயும் பாருங்க, அவருக்குப் பேர் இருக்கும்!

அதனால கேட்கிறது மூணே மூணு. எதிரே உட்கார்ந்து வரைங்க. உட்கார்ந்தவருக்குக் கூலி கொடுங்க. அவர் சம்மதிச்சா அட்டையில் அவர் பேரையும் ஊரையும் எழுதுங்க, வேண்டாம்னு சொன்னா படத்தை மாட்டாதீங்க. இது முடியாதுன்னா கத்திரிக்காய், மண்பானைன்னு ஸ்டில் லைஃப் வரையலாம். அதுங்களுக்குப் பேர் தேவையில்லை.