பனிக்காலத்திலும் திறந்திருக்கும் ஜன்னல்கள்: நியூயார்க்கின் பழைய அடுக்குமாடிகளில் என்ன பிரச்சினை?

வெளியே உறைய வைக்கும் குளிர். ஆனாலும் நியூயார்க்கின் பழைய அடுக்குமாடிக் கட்டடங்களைத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால், ஜனவரி மாதத்திலும் பல வீடுகளின் ஜன்னல்கள் திறந்தே கிடக்கும். உள்ளே அவ்வளவு சூடு, திறக்காமல் இருக்க முடியாது. அதே கட்டடத்தில் இன்னொரு வீட்டில் ஒருவர் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கிக்கொண்டிருப்பார். இரண்டு வீட்டுக்கும் ஒரே பாய்லர்தான்.

இந்தக் கூத்தை முடிவுக்குக் கொண்டுவரத்தான் அந்த நகரம் சில ஆண்டுகளாகப் போராடிக்கொண்டிருக்கிறது. மாற்றுக் கருவி கைவசம் இருக்கிறது. ஆனால், அது யாருடைய மீட்டரில் ஓடும் என்பதில்தான் சிக்கல்.

நீராவி எப்படி வேலை செய்கிறது?

கீழ்த்தளத்தில் ஒரு பெரிய பாய்லர். அதில் எரிவாயுவையோ எண்ணெயையோ எரித்துத் தண்ணீரைக் கொதிக்க வைப்பார்கள். நீராவி தன் அழுத்தத்தாலேயே குழாய் வழியாக மாடி மாடியாக ஏறும். பம்ப் தேவையில்லை. வீட்டுக்குள் இருக்கும் ரேடியேட்டர் என்ற இரும்புக் கட்டமைப்புக்குள் புகுந்து, வெப்பத்தைக் கொடுத்துவிட்டு, தண்ணீராக மாறிக் கீழே இறங்கிவிடும். இட்லிப் பானை மூடியில் ஆவி பட்டுத் தண்ணீராகச் சொட்டுகிறதே, அதே கதைதான்.

நூறு வருடத்துக்கு முன்பு இது அபாரமான தொழில்நுட்பம். பிரச்சினை என்னவென்றால், இதில் கூட்டல், குறைத்தல் கிடையாது. ரேடியேட்டர் ஒன்று கொதிக்கும், இல்லையென்றால் ஆறிக் கிடக்கும். கட்டடம் முழுவதற்கும் ஒரே கட்டுப்பாடு. குளிர் அதிகம் உள்ள வீட்டுக்குப் போதுமான சூடு போக வேண்டும் என்று பாய்லரை ஓட்டினால், மற்ற வீடுகள் வெந்துபோகும். அங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்த ஒரே ‘ரெகுலேட்டர்’ ஜன்னல்தான்.

ஹாலிவுட் படங்களில் மன்ஹாட்டன் தெருக்களில் வெள்ளைப் புகை எழுவதைப் பார்த்திருப்போம். அதுவும் நீராவிதான். நகரத்தின் ஒரு பகுதிக்கு 1882 முதலே நிலத்தடிக் குழாய் வழியாக நீராவி விற்கப்படுகிறது. ஆனால், பெரும்பாலான பழைய குடியிருப்புகள் தங்கள் சொந்த பாய்லரையே நம்பியிருக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

நியூயார்க் நகரம் வெளியிடும் பசுங்குடில் வாயுக்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கட்டடங்களிலிருந்து வருகிறது. கார், பஸ் எல்லாம் அதற்குப் பின்னால்தான். அதனால், 2019-ல் ‘உள்ளூர்ச் சட்டம் 97’ நிறைவேற்றப்பட்டது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களுக்கு ஆண்டுக்கு இவ்வளவு கார்பன்தான் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 2024-ல் முதல் வரம்பு அமலுக்கு வந்தது. 2030-ல் அது இன்னும் இறுகும். வரம்பை மீறும் ஒவ்வொரு டன்னுக்கும் ஆண்டுக்கு 268 டாலர் வரை அபராதம்.

முதல் வரம்பைப் பல கட்டடங்கள் விளக்கை மாற்றி, பாய்லரைச் சரிபார்த்து, குழாய்களுக்கு உறை போட்டுச் சமாளித்துவிடும். 2030-ன் வரம்புக்கு அந்த ஒட்டுவேலை போதாது. பாய்லரை அணைப்பதைப் பற்றி யோசித்தே ஆக வேண்டும்.

ஹீட் பம்ப் என்றால் என்ன?

பெயர்தான் புதிது, பொருள் நமக்குப் பழக்கமானது. நம் வீட்டு ஏசி உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது. அதையே திருப்பிப் போட்டால் ஹீட் பம்ப். வெளிக்காற்று எவ்வளவு குளிராக இருந்தாலும் அதில் கொஞ்சம் வெப்பம் இருக்கும். அதை உறிஞ்சி உள்ளே கொண்டுவரும்.

வெப்பத்தைப் புதிதாக உண்டாக்காமல் இடம் மாற்றுவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு, மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். கடும் குளிரில் இந்தக் கணக்கு குறையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

‘அந்த மின்சாரமே எரிவாயுவை எரித்துத்தானே வருகிறது?’ என்ற கேள்வி நியாயமானது. 2021-ல் இந்தியன் பாயிண்ட் அணுமின் நிலையம் மூடப்பட்ட பிறகு, நியூயார்க் நகரம் எரிவாயு மின்சாரத்தை இன்னும் அதிகமாக நம்பியிருக்கிறது. ஆனாலும் கணக்கு உதைக்காது. நல்ல எரிவாயு மின் நிலையம் எரிபொருளில் ஏறத்தாழ பாதியை மின்சாரமாக்கும். அதை ஹீட் பம்ப் மூன்று மடங்காக்கினால், எரித்ததைவிட ஒன்றரை மடங்கு வெப்பம் வீட்டுக்குள் வருகிறது. பாய்லரால் எரித்த அளவைக்கூட முழுசாகத் தர முடியாது. வந்ததில் ஒரு பகுதியும் ஜன்னல் வழியே போய்விடும்.

அப்புறம் ஏன் தாமதம்?

ஆள் குடியிருக்கும் பழைய கட்டடத்தில் கை வைப்பது லேசுப்பட்ட காரியமல்ல. வழக்கமான ஹீட் பம்ப் என்றால் சுவரைத் துளைக்க வேண்டும், குழாய் இழுக்க வேண்டும், வெளி யூனிட்டுக்கு இடம் வேண்டும். இருபது மாடிக் கட்டடத்துக்கு ஒரே ஒரு மொட்டைமாடிதான். பழைய வயரிங் தாங்காது. சுவரைத் தொட்டால் கல்நார் இருக்குமோ என்ற பயம் வேறு.

கனடாவின் ஹாமில்டனில் வேறு வழியில் போனார்கள். 1967-ல் கட்டிய 18 மாடி கென் சோபிள் கோபுரத்துக்குத் தடிமனான வெப்பக்காப்பு உறை போட்டு, ஜன்னல்களை மாற்றி, சூடாக்கும் தேவையையே வெகுவாகக் குறைத்தார்கள். இலங்கைத் தமிழர்கள் பலருக்கு டொரண்டோவில் முதல் முகவரியாக இருந்த செயின்ட் ஜேம்ஸ் டவுன் கோபுரங்களும் அதே காலத்தவை. ஆனால், ஹாமில்டனில் வேலை நடந்தபோது கட்டடம் காலியாக இருந்தது. ஆயிரக்கணக்கானோர் வசிக்கும் இடத்தில் அது முடியுமா?

ஜன்னலில் ஒரு தீர்வு

நியூயார்க் நகர வீட்டுவசதி ஆணையத்திடம், அதாவது அந்த ஊர் ஹவுசிங் போர்டிடம், 1.7 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. பாய்லர் பழுதாகி, குளிரில் வாடும் குடியிருப்பவர்களின் புகார்கள் ஒவ்வொரு ஆண்டும் செய்தியாகும். அந்த ஆணையம் 2021-ன் இறுதியில் தயாரிப்பாளர்களுக்கு ஒரு சவால் விட்டது: ஜன்னலில் மாட்டக்கூடிய, சாதாரண பிளக்கில் ஓடக்கூடிய ஹீட் பம்ப் செய்து தாருங்கள், ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொள்கிறோம்.

கிரேடியன்ட், மீடியா என்ற இரு நிறுவனங்கள் தேர்வாகின. ஒப்பந்தம் 7 கோடி டாலர். குதிரைமேல் சேணம் போட்டதுபோல, பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் ஜன்னல் விளிம்பில் உட்காரும் கருவி. சுவரைத் துளைக்க வேண்டாம். 2023-ல் குயின்ஸ் பகுதியின் உட்சைடு குடியிருப்பில் முதல் 72 கருவிகளை மாட்டினார்கள். கோடையில் அதுவே ஏசி. அறைக்கு அறை வேண்டிய அளவு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு குறை: இது குளிக்க வெந்நீர் தராது. பல கட்டடங்களில் அதற்கும் பழைய பாய்லர்தான். அதைத் தனியாகத் தீர்க்கும்வரை பாய்லர் அறையைப் பூட்ட முடியாது.

மீட்டர் யாருடையது?

அரசுக் குடியிருப்புகளில் மின்கட்டணத்தைப் பெரும்பாலும் ஆணையமே கட்டுகிறது. பாய்லர் செலவும் அதனுடையதே. ஒரு கையின் செலவு இன்னொரு கைக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

தனியார் வாடகைக் கட்டடத்தில் கதை வேறு. அங்கே நீராவிச் செலவு உரிமையாளருடையது; மின்சார பில் பெரும்பாலும் வாடகைக்கு இருப்பவருடையது. ஹீட் பம்பை வீட்டு பிளக்கில் சொருகிய நொடியில், சூட்டின் செலவு சத்தமில்லாமல் குடியிருப்பவர் தலையில் விழும். அபராதத்திலிருந்து தப்புவது உரிமையாளர். நியூயார்க்கில் ஒரு யூனிட் மின்சாரம், அதே அளவு வெப்பம் தரும் எரிவாயுவைவிடப் பல மடங்கு விலை. ஹீட் பம்பின் சிக்கனம் அந்த இடைவெளியை எவ்வளவு நிரப்பும் என்பது கட்டடத்துக்குக் கட்டடம் மாறும்.

அந்த நகரத்தில் சூடு என்பது சலுகையல்ல, சட்டப்படியான உரிமை. அக்டோபர் 1 முதல் மே 31 வரை, வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால், பகலில் வீட்டுக்குள் குறைந்தது 68 டிகிரி, அதாவது 20 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அதைத் தர வேண்டியவர் உரிமையாளர். பில்லுக்குப் பயந்து ஒரு மூதாட்டி தானே கருவியை அணைத்துவிட்டால், சட்டத்தை மீறியது யார்?

சூடு போதாவிட்டால் மக்கள் என்ன செய்வார்கள் என்பதை 2022 ஜனவரி 9 காட்டியது. பிராங்க்ஸில் 19 மாடிக் கட்டடம் ஒன்றில், கட்டடத்தின் ஹீட்டிங் இருந்தும் கூடுதலாக வைத்திருந்த மின் ஹீட்டர் பழுதாகித் தீப்பிடித்தது. மூட வேண்டிய கதவுகள் மூடாததால் புகை படிக்கட்டு வழியே பரவியது. 17 பேர் இறந்தார்கள். அவர்களில் 8 பேர் குழந்தைகள்.

ஆகவேதான் வாடகைதாரர் அமைப்புகள் இரண்டு விஷயங்களைக் கவனிக்கின்றன: சூடாக்கும் மின்சாரத்துக்கு உரிமையாளர் பெயரில் தனி மீட்டர் வருமா? கருவிக்கான செலவு வாடகையில் ஏறுமா? 2030 வரம்பு நெருங்க நெருங்க, கட்டடங்களின் கூட்டங்களில் கருவியின் விலையைவிட இந்த இரண்டும்தான் அதிகம் பேசப்படும்.