'சதுரங்க வேட்டை' பார்த்து யாரைச் சிரிக்கிறோம்?

கொஞ்சம் நீளமான பதிவு. என் வகுப்பில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பழகியவர்கள்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தை மாதம் நம்ம சேவுகம்பட்டி பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறை விட்ட அன்று, பழைய மாணவர்கள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பேச்சு 'சதுரங்க வேட்டை' பக்கம் போனது. 2014இல் வந்த படம், எச்.வினோத்தின் முதல் படம். மோசடிக்காரன் காந்தி பாபுவாக நட்டி நட்ராஜ் நடித்திருப்பார். வந்தவர்களில் ஒருவன் காந்தி பாபுவின் வசனத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாகவே வைத்திருந்தான். "சார், பிசினஸ் பண்றவன் இந்தப் படத்தைப் பத்து தடவை பாக்கணும்" என்றான். காபி ஆறுகிறது, குடிங்கடா என்று மழுப்பிவிட்டேன். மனசு கேட்கவில்லை, இப்போது எழுதுகிறேன்.

படம் மேல் எனக்குக் கோபம் இல்லை. நன்றாக விசாரித்து எடுத்த படம். அதில் வரும் மண்ணுளிப் பாம்பு, எம்.எல்.எம்., ரைஸ் புல்லிங் கலசம் எல்லாம் நாம் பேப்பரில் படித்தவைதான். அறிவியல் வாத்தியார் என்பதால் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். மண்ணுளிக்கு வால் மொண்ணையாக இருப்பதால் இரண்டு தலை போலத் தெரிகிறது, அவ்வளவுதான். விஷமில்லாத, எலி தின்னும் ஜீவன். இரிடியம் என்று ஓர் உலோகம் உண்மையிலேயே உண்டு, ஆனால் அது அரிசியை இழுக்காது. அரிசி நகர்ந்தால் அரிசியில் இரும்பும் பக்கத்தில் காந்தமும் இருக்கிறது என்று அர்த்தம். ஆறாம் வகுப்புப் பாடம்!

என் கோபம் நம் மேல். அதே காந்தி பாபு பிற்பாதியில் சொந்தக் கூட்டாளிகளாலேயே ஏமாற்றப்பட்டு அடிபடுகிறான். அந்தக் காட்சியை யாரும் ஸ்டேட்டஸில் வைப்பதில்லை. ரஷ்யர்களும் இப்படித்தான். இல்ஃபும் பெத்ரோவும் 1928இல் எழுதிய நாவலில் வரும் ஒஸ்தாப் பெந்தர் என்ற எத்தனுக்கு அங்கே சிலையே வைத்திருக்கிறார்கள். எத்தனை ரசிப்பது மனித சுபாவம், போகட்டும். ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு "பேராசைப்பட்டவன்தான் ஏமாறுவான், அவனுக்கு வேணும்" என்று தீர்ப்புச் சொல்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிக் கம்பெனிகள் கவிழ்ந்தது ஞாபகம் இருக்கிறதா? தீனி இல்லாமல் பறவைகள் செத்தன, கடைசியில் அரசாங்கம் தீனி போட வேண்டி வந்தது. பணம் கட்டியவர்கள் கேட்டது என்ன? மாதாமாதம் ஒரு தொகை. மழையையும் மார்க்கெட்டையும் நம்பி அலுத்துப்போன விவசாயி மாதச் சம்பளம் போல ஏதாவது வரட்டும் என்று நினைத்தது பேராசையா? அப்படியானால் 34 வருஷம் ஒன்றாம் தேதி சம்பளம் வாங்கிய நான்தான் பெரிய பேராசைக்காரன்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற வருஷம் நானும் ஒரு நிதித் திட்டத்தில் இரண்டு லட்சம் போட்டேன். கொண்டுவந்தவர் காந்தி பாபு மாதிரி கோட்டு போட்டவர் இல்லை. எங்கள் வீட்டு விசேஷங்களில் முதல் பந்தியில் பரிமாறியவர். அவரும் தன் பணத்தைப் போட்டிருந்தார், பாவம். ஐந்து மாதம் ஒழுங்காக வந்தது, ஆறாவது மாதம் ஆபீஸில் பூட்டு. ஆசையால் போட்டேனா என்றால், அந்த மனிதரிடம் "முடியாது" என்று சொல்லக் கூச்சப்பட்டுத்தான் போட்டேன்.

நான் புகார் கொடுக்கவில்லை. "வாத்தியாரே ஏமாந்துட்டாராம்ல" என்று டீக்கடையில் சிரிப்பார்களே என்ற பயம். பணம் போனதை விட அந்தப் பயம்தான் என்னை வாட்டியது. என்னைப் போல வாய் மூடி உட்கார்ந்தவர்கள் எத்தனை பேரோ. அந்த மௌனத்தை வைத்துத்தான் அவன் அடுத்த ஊரில் கடை திறக்கிறான். நம் சிரிப்புதான் அவனுக்கு வக்கீல்.

போன வாரம் ஒரு மாணவி போன் செய்தாள். கணவர் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணம் முழுவதும் ஒரு சீட்டில் போய்விட்டதாம். "வீட்ல சொல்லிராதீங்க சார்" என்று அழுதாள். முதலீட்டாளர்களைப் பாதுகாக்க 1997இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது, பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் இருக்கிறது என்றேன். செல்போன் வழியாகப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930க்கு அடிக்க வேண்டும். அவளுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. மாமியார் என்ன சொல்வார் என்பதுதான் அவள் கேள்வி.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பேன். இப்படிப் பணம் இழந்தவர்கள் ரசீது, பாஸ்புக் எது இருக்கிறதோ எடுத்துக்கொண்டு வாருங்கள். மனு எழுதித் தருகிறேன், என்னுடையதையும் சேர்த்து. உள் அறையில் உட்கார்ந்து பேசலாம், யாருக்கும் தெரியாது.

ஸ்டேட்டஸ் வைத்த தம்பி, இது உன்னைத் திட்ட எழுதியது இல்லை. நீயும் வா, நாலு பேருக்கு ஜெராக்ஸ் எடுக்க ஆள் வேண்டும்.